தடைக்காலச் செலவும் டிவிடெண்டும்

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தை நம்பிக் கடை நடத்தும் நம் வணிகர்களுக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வியாபாரம் மந்தம். அப்போது டிவிடெண்ட் பங்குகள் கைகொடுக்கும் என்பதை நாம் ஏற்கவில்லை. மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனிகள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைச் செப்டம்பருக்குள் கூட்டினால் போதும்; இறுதி டிவிடெண்ட் அதன் பிறகே வரும். லாபம் குறைந்தால் அதுவும் நிற்கலாம். வாடகைபோல் கேட்டு வாங்க முடியாது.

எனவே இரண்டு மாதச் சம்பளம், வாடகைக்கான தொகையை முதலில் வங்கி டெபாசிட்டில் போடுங்கள். (2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு.) மீதியில், ஆண்டுதோறும் விடாமல் டிவிடெண்ட் தந்த, கடன் குறைந்த கம்பெனிகளைப் பாருங்கள். '20 சதவீத டிவிடெண்ட்' என்றதும் மயங்க வேண்டாம். அது 10 ரூபாய் முகமதிப்புக்கு 2 ரூபாய்தான். பங்கை 400 ரூபாய்க்கு வாங்கியவருக்கு அரை சதவீதமே. அதற்கும் வருமான வரி உண்டு.