சிலம்பக் களத்திற்கு எந்தச் சட்டை?

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது பழமொழி. கல்யாண வீட்டிற்குப் புறப்படுகிறவர்களுக்காகச் சொல்லப்பட்டது என்றே பலரும் அதை எண்ணுகிறோம். கம்பு சுற்றுகிறவருக்கும் கராத்தே பயில்கிறவருக்கும் கூட அது பொருந்தும். அங்கே ஆடை அழகுக்காக அன்று; உடலின் வெப்பத்தை வெளியேற்றும் வேலையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

2024 ஜனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் நம் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. போட்டிகள் நிகழ்ந்த நான்கு நகரங்களுள் நம் திருச்சியும் ஒன்று. கம்பு பிடிக்கும் மாணவ மாணவியரைப் பார்க்கையில் நமக்கெல்லாம் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பயிற்சிக்குச் சேர்ந்த சில நாட்களிலேயே அவர்கள் முன் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. “பனியன் போதுமா? அல்லது ‘டிரை ஃபிட்’ என்று விற்கிறார்களே, அந்தச் சட்டையை வாங்க வேண்டுமா?” விடுதிக் கட்டணத்திற்கும் தேர்வுக் கட்டணத்திற்கும் கணக்குப் பார்க்கும் நமக்கு இது சிறிய கேள்வி அன்று. ஆதலால் இதன் உண்மையைச் சற்றே ஆராய்வோம்.

வியர்வை செய்யும் வேலை

வியர்வை சொட்டுவதால் உடல் குளிர்கிறது என்று நினைப்பது தவறு. அது ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின் மேலேயே ஆவியாகுமானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்லும். தரையில் சொட்டிய துளியோ அந்தக் கணக்கில் சேராது.

பழைய சிலம்ப ஆசான்கள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, வெற்று மேனியோடு களத்தில் இறங்கியது காரணத்தோடுதான். தோலுக்கும் காற்றுக்கும் இடையே தடை ஏதும் இல்லை. ஆனால் இன்று மாணவியரும் மாணவரும் ஒருங்கே பயில்கிறோம். போட்டிகளுக்குச் சீருடையும் வேண்டும். சட்டை தவிர்க்க முடியாதது என்றான பிறகு, தடை குறைந்த சட்டை எது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

உறிஞ்சுவது வேறு, கடத்துவது வேறு

கார்த்திகைத் தீபத்தன்று மலைக்கோட்டை உச்சியில் எரியும் பெரிய திரியை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அடியிலுள்ள எண்ணெய் யாரும் தூக்கிவிடாமலே நுனிக்கு ஏறுகிறது. இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளே அதை மேலே இழுக்கின்றன. இயற்பியல் மாணவர்கள் இதனை நுண்புழை ஏற்றம் என்பர். வியர்வையைக் கடத்தும் சட்டையும் இதே திரியின் வேலையைத்தான் செய்கிறது. உட்புறத்திலுள்ள ஈரத்தை வெளிப்புறத்திற்கு இழுத்து, அங்கே அகலமாகப் பரப்பிக் காற்றுக்குக் கொடுக்கிறது.

“திரியும் பருத்திதானே, பருத்திப் பனியனுக்கு என்ன குறை?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. எண்ணெய் பருத்தி இழைகளின் இடையே ஏறுகிறது. நீரோ இழையின் உள்ளேயே புகுந்துவிடுகிறது. இழை உப்பிக்கொள்கிறது, ஈரத்தை எளிதில் விடுவதில்லை. சாதாரண நிலையிலேயே பருத்தி தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 8 பங்கு ஈரத்தைக் காற்றிலிருந்து எடுத்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் இழையோ நூற்றுக்கு அரைப் பங்குகூட எடுப்பதில்லை. எனவே பருத்தி நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். நன்கு அமைந்த பாலியெஸ்டர் துணி அதைக் கடத்திவிடும். ‘வியர்வை உறிஞ்சும் சட்டை’ என்று கடைகளில் சொல்வதுகூடச் சரியான பெயர் அன்று. உறிஞ்சுவது பருத்திதான், நமக்கு வேண்டியது கடத்தும் சட்டை.

இரண்டு சட்டைகளை ஒரே வாளி நீரில் நனைத்து, ஒரே அளவு பிழிந்து, ஒரே கொடியில் போட்டுப் பாருங்கள். நான் விடுதி மாடியில் செய்து பார்த்தேன். செயற்கை இழைச் சட்டை முழுதும் உலர்ந்த பிறகும் பருத்திப் பனியனின் தையல் ஓரங்களில் ஈரம் இருந்தது.

டெரிலின் காலத்து அனுபவம்

பாலியெஸ்டர் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்ட இழையே டெரிலின் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. நெருக்கமாக நெய்த டெரிலின் சட்டை கசங்காது. ஆனால் கோடையில் உடம்பை வேகவைத்துவிடும். வழவழப்பான இழையில் வியர்வை பரவவில்லை. நெருங்கிய நெசவில் காற்றும் புகவில்லை.

இன்றைய பயிற்சிச் சட்டைகள் அதே இழையால் ஆனவைதாம், அமைப்புதான் வேறு. அவை நெய்யப்படுவதில்லை, பின்னப்படுகின்றன. இழைகள் மிக மெல்லியவை; சிலவற்றின் மேற்பரப்பில் நீர் ஓட நெடுகிலும் வாய்க்கால் போன்ற பள்ளங்கள் உண்டு. 1986-இல் டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த கூல்மாக்ஸ் அவ்வகையில் பெயர் பெற்றது. ஆகவே துண்டுச் சீட்டில் ‘பாலியெஸ்டர்’ என்று இருப்பது மட்டும் போதாது. இழை ஒன்றாயினும் பின்னல் கெட்டால் அது பழைய டெரிலின்தான்.

கடையில் செய்யத்தக்க சோதனைகள்

என்.எஸ்.பி. ரோட்டிலும் பெரிய கடைவீதியிலும் அடுக்கியிருக்கும் சட்டைகளில் நல்லதைத் தேர்ந்தெடுக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

முதலாவது, கடைக்காரரின் அனுமதியுடன் துணியின் உட்புறத்தில் ஒரு துளி நீர் வையுங்கள். சில நொடிகளில் அகலமாகப் பரவி வெளிப்புறமும் தெரிந்தால் நல்லது. முத்துப்போல் உருண்டு நின்றால் அச்சட்டை வேண்டாம்.

இரண்டாவது, துணியை வாயருகே வைத்து ஊதுங்கள். மறுபுறம் பிடித்த கைக்குக் காற்று தாராளமாக வர வேண்டும்.

மூன்றாவது, அணிந்துகொண்டு இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கம்பு சுற்றுவதுபோல் சுழற்றுங்கள். அக்குளில் இழுத்தாலோ, சட்டை இடுப்புக்கு மேல் ஏறினாலோ அது சிலம்பத்திற்கு ஆகாது. தொளதொளக்கும் கையும் ஆகாது, கம்பில் சிக்கும்.

நான்காவது, மார்பு முழுவதும் ரப்பர்போல் தடித்த அச்சுப் படம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் ஈரமும் போகாது, காற்றும் போகாது.

வெயிலில் பயில்வோர் வெளிர் நிறம் கொள்வது நலம். நிறுவனத்தின் பெயருக்காக அதிக விலை தரத் தேவையில்லை. திருப்பூர் பருத்திப் பனியனுக்கு மட்டும் பெயர் பெற்ற ஊர் அன்று. செயற்கை இழை விளையாட்டு ஆடைகளும் அங்கே தயாராகின்றன. சோதனையில் தேறினால் விலை குறைந்த சட்டையே போதும்.

ஜூடோ, கராத்தே பயில்வோருக்கு மேலங்கியில் இந்தச் சுதந்திரம் இல்லை. 1882-இல் ஜப்பானில் கானோ ஜிகோரோ தொடங்கிய ஜூடோவில் எதிராளியின் அங்கியைப் பற்றி இழுப்பதே கலை. அதனால் தடித்த பருத்தி அவசியம். மாணவியர் உள்ளே அணியும் வெள்ளை டி-ஷர்ட்டை மட்டும் மேற்சொன்ன முறையில் தேர்ந்துகொள்ளலாம்.

பராமரிப்பு

பாலியெஸ்டரின் பெருங்குறை நாற்றம். உடலின் எண்ணெய்ப் பசை அதில் ஒட்டிக்கொள்ளும். கிருமிகள் அங்கே பெருகும். பயிற்சி முடிந்ததும் பையில் சுருட்டி வைக்காமல் உடனே அலசிவிட வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவங்களைச் சேர்த்தால் அவை இழைமேல் படிந்து கடத்தும் குணத்தைக் கெடுக்கும்.

நம் ஊர்ப் பருவமும் சட்டையின் எல்லையும்

ஆடி மாதம் நம் ஊரில் வீசும் மேல்காற்றில் எந்தச் சட்டையும் விரைவில் உலரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திலோ காற்றிலேயே ஈரம் மிகுந்திருக்கும். திரி எவ்வளவு நன்றாக இழுத்தாலும் வாங்கிக்கொள்ளக் காற்றுக்கு இடமில்லை. அந்நாட்களில் மாற்றுச் சட்டை ஒன்று கொண்டு செல்வதே சிறந்த வழி.

சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பருத்தி, பாலியெஸ்டர் இரண்டையும் அணிவித்து வெப்பத்தில் ஓடவிட்டு நடத்திய சோதனைகளில், உடலின் உள்வெப்பத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. மாறுவது சௌகரியமே: ஒட்டாமை, கனமின்மை, உரசிப் புண்ணாகாமை. விலையுயர்ந்த சட்டை அணிந்திருக்கிறோம் என்று நண்பகலில் கம்பு சுற்றினால் வெப்பத் தாக்குதல் நம்மை விட்டுவிடாது. உடன் பயில்பவர் தலை சுற்றுகிறது என்றாலோ, பேச்சில் தடுமாறினாலோ, உடனே பயிற்சியை நிறுத்தி நிழலில் படுக்க வைத்து, உடலெங்கும் நீர் ஊற்றி விசிற வேண்டும். தெளிவு குன்றியவருக்கு வாயில் தண்ணீர் புகட்டலாகாது. 108-ஐ அழைத்துவிட வேண்டும்.

ஆகவே காலை அல்லது மாலை வேளை, குடிக்க நீர், இடையிடையே ஓய்வு ஆகிய மூன்றும் முதலில்; சட்டை நான்காவதுதான். அந்த மூன்றிற்கும் பணம் வேண்டாம். நான்காவதற்கு வேண்டிய பணத்தையும் ஒரு துளி நீரால் சோதித்துப் பார்த்த பிறகே செலவிடுவோம்.