பிம்ப்ரியின் பவனா ஆறு

புனே நகருக்கு வடமேற்கே அமைந்துள்ள பிம்ப்ரி, நம் நாட்டு மருந்துத் தொழில் வரலாற்றில் தனியிடம் பெற்றது. 1954-ஆம் ஆண்டு மத்திய அரசு நிறுவிய இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை, 1955-இல் இங்கே பெனிசிலின் உற்பத்தியைத் தொடங்கிற்று. அவ்வூரை ஒட்டி ஓடுவது பவனா ஆறு. அதன் கரையில், அண்டையிலுள்ள சிஞ்சுவாட்டில், மோர்யா கோசாவியின் சமாதிக் கோயில் விளங்குகிறது.

லோனாவ்லாவுக்குத் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் இவ்வாறு, தாபோடியில் முளா ஆற்றுடன் கலக்கிறது. அந்நீர் பீமா, கிருஷ்ணா வழியாக வங்காள விரிகுடாவை அடைகிறது. நகரின் குடிநீர் ராவேத் தடுப்பணையில் எடுக்கப்படுகிறது. அதற்குக் கீழே கழிவுநீர் ஓடைகள் ஆற்றில் வந்து விழுகின்றன.

கழிவிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய சத்துக்களைக் கொண்டு, தென் அமெரிக்காவைத் தாயகமாக உடைய வெங்காயத் தாமரை நீர்ப்பரப்பை மூடிவிடுகிறது. அதனால் ஒளி உட்புகுவதில்லை; மடிந்த இலைகள் அழுகுங்கால் நீரில் கரைந்துள்ள பிராணவாயு குறைகிறது; கொசுக்கள் பெருகுகின்றன. செடிகளை வாரி எடுப்பது தற்காலிகப் பரிகாரமே. கழிவுநீரைச் சுத்திகரித்த பின்னரே ஆற்றில் விடுதல் நிலையான வழியாகும்.

ஆற்றின் நலத்தை அறிய விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. ஆசிரியர்கள் கரையோரக் கற்களைப் புரட்டிப் பார்க்கலாம். பலவகைப் பூச்சிகளின் இளம்பருவங்கள் தென்பட்டால் நீர் நன்னிலையில் உள்ளது எனக் கொள்ளலாம். செந்நிறப் புழுக்கள் மட்டும் மலிந்திருப்பின், பிராணவாயு குன்றியுள்ளது என்பது பெறப்படும். அப்புழுக்களின் செந்நிறம் ஹீமோகுளோபினால் உண்டாவது. சிறிதளவே உள்ள பிராணவாயுவையும் அது பற்றிக்கொள்ளும். சோதனைக்குப் பின் சோப்பிட்டுக் கைகழுவுதல் இன்றியமையாதது.

ராவேத்துக்கு மேலும் தாபோடிக்கு அருகிலும் இவ்வாறு சோதித்து ஒப்பிட்டால், இடைப்பட்ட நகரம் ஆற்றுக்குச் செய்வது யாதென மாணவர்க்குத் தாமே விளங்கும்.