எலக்ட்ரிக் போர்வை: நன்மை எல்லாம் முதல் அரை மணி நேரத்தில்

எங்கள் ஊரில் 'சளி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். தமிழில் மூக்கில் ஒழுகுவது. தெலுங்கிலும் கன்னடத்திலும் குளிர். மூன்று மொழியும் ஒரே டீக்கடையில் புழங்கும் சூளகிரியில், மார்கழிக் காலையில் யாராவது "சளி ஜாஸ்தி" என்றால் எதைச் சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ளணும். சென்னை நண்பர்களிடம் "எலக்ட்ரிக் போர்வை பத்திப் படிச்சிட்டு இருக்கேன்"னு சொன்னா சிரிக்கிறாங்க. தமிழ்நாட்டில் அது எதுக்கு என்று கேட்கிறார்கள்.

எதுக்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்தால் மேலுமலைப் பக்கம் வண்டி ஏற ஆரம்பிக்கும். அந்த ஏற்றத்தோடு சமவெளி முடிந்து பீடபூமி வந்துவிடுகிறது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது இந்தப் பக்கம் சாதாரணம். பக்கத்துப் பெங்களூரில் 1884 ஜனவரியில் 7.8 டிகிரி வரை போனதாகப் பதிவு இருக்கிறது.

ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் இது ஒரு குளிரே இல்லை. ஆனால் அங்கே வீட்டுக்குள் சூடேற்ற வசதி இருக்கும். இங்கே ஷீட் கூரை, சிமென்ட் தரை, சரியாக மூடாத ஜன்னல். வெளியே என்ன குளிரோ, விடியற்காலையில் உள்ளேயும் கிட்டத்தட்ட அதே குளிர்தான். உலக சுகாதார நிறுவனம் 2018ல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதலில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் நம்ம ஊர் வீடுகள் பல தேறாது.

நான் இதைத் தேடிப் படித்தது அம்மாவுக்காக. எழுபது வயது தாண்டியவர், பத்து வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை. குளிர் வந்தால் "காலு ஐஸ் மாதிரி இருக்குடா, தூக்கமே வரல" என்பார். பெங்களூரில் இருக்கும் அக்கா, "ஒரு எலக்ட்ரிக் போர்வை வாங்கி அனுப்பட்டுமா?"ன்னு கேட்டாங்க. சரி என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். தேறிய விஷயங்கள் கீழே.

சாதாரணப் போர்வை சூடாக்குவதில்லை

இந்தப் பக்கத்துக் குரும்பர்கள் ஆட்டு ரோமத்தில் நெய்யும் கம்பளியை நினைத்துக்கொள்ளுங்கள். கதகதப்பாக இருக்கிறது என்கிறோம். உண்மையில் கம்பளிக்குச் சொந்தமாக ஒரு சூடும் கிடையாது. ரோமத்துக்கு நடுவே சிக்கிய காற்று, நம் உடம்பின் சூடு வெளியே போகாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். அடுப்பு நாம்தான்.

தூங்கும் மனித உடம்பு வெளிவிடும் வெப்பம் ஏறக்குறைய 70 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. குளிர்ந்த படுக்கையில் படுத்தவுடன் இந்த 70 வாட்டில் பெரும்பகுதியை மெத்தையும் விரிப்பும் உறிஞ்சிக்கொள்கின்றன. தரையில் பாய் போட்டால் இன்னும் மோசம், சிமென்ட் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். வயதானவர்களுக்கு உடம்பில் உண்டாகும் சூடும் குறைவு, காலுக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைவு. எத்தனை கம்பளி போட்டாலும் கால் சூடாகாததற்குக் காரணம் இதுதான். உள்ளே சூடு இருந்தால்தானே கம்பளி காப்பாற்றும்?

எலக்ட்ரிக் போர்வை வெளியிலிருந்து சூடு கொடுக்கிறது. ஒருவர் படுக்கும் அளவுள்ளது பெரும்பாலும் 60 வாட்டை ஒட்டி இருக்கும். அதாவது படுக்கையில் இன்னொருவர் படுத்திருப்பது மாதிரி. பெயர்தான் போர்வை. கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை மெத்தைமேல் விரித்து, அதன்மேல் பெட்ஷீட் போட்டுப் படுக்க வேண்டியவை. மேலே போர்த்துவதற்கு வழக்கமான கம்பளியே போதும்.

கால் சூடானால் தூக்கம் வருவது ஏன்?

தூங்கும் நேரம் நெருங்கும்போது உடம்பின் உள்வெப்பநிலை குறையத் தொடங்குகிறது. விடியற்காலைக்குள் ஏறத்தாழ ஒரு டிகிரி குறைந்துவிடும். இந்த இறக்கம் தூக்கத்துக்கான சமிக்ஞைகளில் ஒன்று. அப்படியானால் உடம்பைச் சூடாக்கினால் தூக்கம் கெடணுமே, எப்படி வருகிறது?

உள்ளே இருக்கும் சூடு வெளியே போக ஒரு வாசல் வேண்டும். அந்த வாசல் கை, கால். அங்கே தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் விரிந்தால் சூடான ரத்தம் வெளிப்பக்கம் வந்து வெப்பத்தை விட்டுவிட்டுத் திரும்புகிறது. குளிரில் இந்தக் குழாய்கள் சுருங்கிவிடும், வாசல் சாத்தியாச்சு. காலை இதமாக வைத்தால் குழாய் விரிந்து வாசல் திறக்கிறது, உள்வெப்பம் இறங்குகிறது, தூக்கம் வருகிறது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள் 1999ல் நேச்சர் இதழில் இதைத்தான் எழுதினார்கள்: கை கால் சூடாக இருப்பவர்கள் சீக்கிரம் தூங்குகிறார்கள். நம்ம பாட்டிகள் படுக்கும் முன் வெந்நீரில் கால் நனைத்ததும் இதே கணக்கு.

ஓசூர் சிப்காட்டில் இரண்டாவது ஷிஃப்ட் முடித்து, நடு இரவில் பைக்கில் வரும் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். கை கால் விறைத்து வந்து படுத்தால் ஒரு மணி நேரம் புரளுவாங்க. உடம்பு களைத்திருக்கும், ஆனால் வாசல் மூடியிருக்கும். ஆரோக்கியமான ஆட்களில் இந்தப் போர்வையால் அதிகம் பயன்பெறக்கூடியவர்கள் இவர்கள்தான்.

அப்போ ராத்திரி முழுக்க ஓடட்டுமா?

வேண்டாம். உள்வெப்பம் இறங்குவதுதான் தூக்கத்துக்கு உதவி. இரவெல்லாம் வெளியிலிருந்து சூடு ஏற்றிக்கொண்டே இருந்தால் அந்த இறக்கம் தடைபடும், வேர்க்கும், விழிப்பு வரும். கனவு காணும் தூக்கத்தில் வேர்த்தும் நடுங்கியும் வெப்பத்தைச் சரிசெய்யும் வேலையை உடம்பு பெருமளவு நிறுத்திவிடுகிறது. அந்தத் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம். அதனால் விடியற்காலையில் அதிகச் சூட்டில் படுத்திருப்பது தூக்கத்தைக் கலைக்கும்.

சரியான முறை எளிமையானது. படுக்க அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், படுக்கும்போது அணைக்க வேண்டும். படுக்கை ஒருமுறை சூடாகிவிட்டால் கம்பளி அதைக் காப்பாற்றிக்கொள்ளும்.

செலவும் இதில் ஒன்றுமில்லை. 60 வாட், அரை மணி நேரம் என்றால் 0.03 யூனிட். முப்பது நாளும் போட்டாலும் மாதத்துக்கு ஒரு யூனிட்டைத் தொடாது. 2000 வாட் ரூம் ஹீட்டர் ஒரே மணி நேரத்தில் இரண்டு யூனிட் தின்றுவிடும்.

மற்ற நன்மைகள்

மூட்டு இறுக்கம் உள்ளவர்களுக்குச் சூடு இதம் தரும். நோயைக் குணப்படுத்தாது, வலியைக் குறைக்கும். குளிரில் தோல் குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தம் கூடுகிறது, சிறுநீரும் அதிகம் பிரிகிறது. ராத்திரி மூன்று தடவை எழுந்து போகும் பெரியவர்களுக்குக் குளிரும் ஒரு காரணமாக இருக்கலாம். பனிக்காலத்தில் ஈரம் கோத்த மெத்தை உலர்வதும் நல்லதுதான். தூசிப்பூச்சிகளுக்கு ஈரம் வேண்டும், காய்ந்த மெத்தை அதுங்களுக்கு ஒத்துக்காது.

மின்காந்தப் புலத்தால் புற்றுநோய் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். அமெரிக்கச் செவிலியர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில், எலக்ட்ரிக் போர்வைக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. அப்படியும் பயம் இருந்தால், படுக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

அம்மாவுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது

சூடான பாத்திரத்தைத் தொட்டால் கை தானாக விலகுகிறது. தூக்கத்திலும் அப்படித்தான், சூடு அதிகமானால் காலை நகர்த்திக்கொள்வோம். பல வருடச் சர்க்கரையில் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தக் காவல் இல்லை. டாக்டர் ஒரு நைலான் நரம்பால் அம்மாவின் விரல் நுனிகளைத் தொட்டுத் தொட்டு, "தெரியுதா அம்மா?"ன்னு கேட்டார். பல இடங்களில் அம்மாவுக்குத் தெரியவில்லை.

தீப்புண் வரக் கொதிக்கும் சூடு தேவையில்லை. மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1947ல் வெளியிட்ட ஆய்வுப்படி, 44 டிகிரிச் சூடு சுமார் ஆறு மணி நேரம் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் புண்ணாகிவிடும். 44 டிகிரி என்பது குளிக்கும் வெந்நீரைவிடச் சற்றுக் கூடுதல். ஆறு மணி நேரம் என்பது ஒரு ராத்திரித் தூக்கம். உணர்வில்லாத பாதம் அதை அம்மாவுக்குச் சொல்லப் போவதில்லை. சர்க்கரைக் காலில் வரும் புண் எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் எல்லோர் குடும்பத்திலும் ஒரு கதை இருக்கிறது. வெந்நீர்ப் பை, பாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவதிலும் இதே ஆபத்துதான்.

அதனால் அக்காவிடம் "வாங்குங்க, ஆனா ரிமோட் நம்மகிட்ட" என்றேன். எட்டரைக்குப் போடுகிறோம். ஒன்பது மணிக்கு நானோ என் மனைவியோ அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, விரிப்பைக் கையால் தடவிப் பார்க்கிறோம். அப்புறம்தான் அம்மா படுக்கிறார். காலில் தளர்வான பருத்தி சாக்ஸ். "வாங்கினதே ராத்திரி பூரா போடத்தானே, பிடுங்கி வைக்கவா?" என்று அம்மா முதலில் முணுமுணுத்தார். இப்போது சூடான படுக்கையில் படுத்துச் சீக்கிரமே தூங்கிவிடுகிறார். நன்மை முதல் அரை மணியில் கிடைத்துவிடுகிறது, ஆபத்து மிச்ச ராத்திரியில் இருக்கிறது. இரண்டையும் பிரிக்கலாம் என்பதுதான் இதில் நல்ல செய்தி.

யார் கவனமாக இருக்கணும்

கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், சூடானால் விலகவோ போர்வையைத் தள்ளவோ அதற்குத் தெரியாது. படுக்கை நனைக்கும் குழந்தைகள், பெரியவர்கள், தானே அணைக்க முடியாத நோயாளிகள், தூக்க மாத்திரை அல்லது மது குடித்தவர்கள் போட்டபடி தூங்கக்கூடாது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் உடல்வெப்பம் அதிகம் ஏறுவது நல்லதில்லை, அவர்களும் அணைத்துவிட்டுப் படுக்கலாம்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும், சூடு மீறினால் தானாக நின்றுவிடும் வசதியும், டைமரும் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஓடுவது மெல்லிய சூடேற்றும் கம்பி. மடித்து நசுக்கி வைத்தால் அது உடையும், உடைந்த இடத்தில் பொறி பறக்கும். சுருட்டி வையுங்கள். கருகின தடம் தெரிந்தால் தூக்கி எறியுங்கள். ஈரத் தரையில் விரிக்காதீர்கள். வீட்டு லைனில் கசிவு வந்தால் டிரிப் ஆகும் இஎல்சிபி இருப்பது நல்லது.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். மூடிய அறைக்குள் இரும்புச் சட்டியில் கரி நெருப்பு வைத்துத் தூங்கும் பழக்கம் குளிர்ப் பகுதிகளில் இன்னும் இருக்கிறது. கரி புகையாமல் எரியும்போதும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் எழுந்திருக்காமலேயே போய்விடுவார். ஊட்டி, கொடைக்கானல் பக்கமிருந்து இப்படிச் செய்தி வருவதைப் படித்திருப்பீர்கள். ஒரே அறையில் ஆறேழு பேர் தங்கி வேலைக்குப் போகும் பையன்கள் நம்ம சிப்காட் பக்கம் நிறைய. உங்கள் வீட்டு மாடியில் அப்படி யாராவது வாடகைக்கு இருந்தால், குளிர் ஏறுவதற்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இரண்டு கம்பளி கூடுதலாகக் கொடுத்தாலும் நல்லது.