ரத்த அணுவின் வடிவம் மாறியிருக்கா? உடனே இரும்புச்சத்து மாத்திரை வாங்காதீங்க

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'டார்கெட் செல்' என்று எழுதியிருந்தால் பயப்படணுமா?

ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஆரோக்கியமான சிவப்பணு வட்டமாக, நடுவில் வெளிறித் தெரியும். நம்ம உளுந்து வடை மாதிரி. ஆனா ஓட்டை கிடையாது, வெறும் குழிதான்.

தலசீமியா மரபணு உள்ளவர்களுக்கு அணுக்கள் சிறுத்து, வெளிறியிருக்கும். ஹீமோகுளோபின் குறைவதால் அணுவின் மேலுறை, அளவு தப்பித் தைத்த சட்டைபோல் தொளதொளவென ஆகிவிடும். அதனால் சில அணுக்களின் நடுவே சிவப்புப் பொட்டு விழும். அதுதான் டார்கெட் செல். கல்லீரல் பாதிப்பிலும் இது தெரியலாம்.

இரும்புச்சத்துக் குறைவிலும் அணுக்கள் சிறுத்து வெளிறித்தான் இருக்கும். குழப்பமே இங்கேதான். தலசீமியாவுக்கு இரும்பு மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டும் பயனில்லை. எனவே ஃபெரிட்டின் அளவையும் ஹீமோகுளோபின் வகையையும் சோதிக்கணும். வடிவம் ஒரு துப்பு மட்டுமே.

மரபணுவைச் சுமப்பவர் பொதுவாக நலமாகவே இருப்பார். ஆனால் கணவன், மனைவி இருவருக்கும் பீட்டா தலசீமியா மரபணு இருந்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தைக்குக் கடும் தலசீமியா வர 25 விழுக்காடு வாய்ப்புண்டு. அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். ஜாதகப் பொருத்தத்தோடு இதையும் பார்த்துவிடலாமே!

சிங்கப்பூரில் தேசியத் தலசீமியா பதிவகம் 1992 முதல் இயங்குகிறது. உங்களுக்கு மரபணு இருப்பது உறுதியானால், உடன்பிறந்தவர்களையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.