கரண்ட் பில் ஏறினால் யாரைக் கேட்பது? அரசா, ஆணையமா: அதிகாரம் யார் கையில்?

ஜூலை மாதம் பிறந்தாலே தமிழ்நாட்டில் ஒரு சண்டை தொடங்கிவிடும். 'அரசு மின் கட்டணத்தை உயர்த்திவிட்டது' என்பார்கள் எதிர்க்கட்சிகள். 'உயர்த்தியது நாங்க இல்ல, ஒழுங்குமுறை ஆணையம்' என்பது ஆளுங்கட்சியின் பதில். ஆட்சி மாறினால் வசனம் மட்டும் இடம் மாறும். இதில் யார் சொல்வது சரி?

சட்டப்படி பார்த்தால், கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்தான். மின்சாரச் சட்டம் 2003 அந்த அதிகாரத்தை ஆணையத்துக்கே கொடுத்திருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த உத்தரவுப்படி, ஒவ்வொரு ஆண்டும் ஜூலையில் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி, அதிகபட்சம் 6 சதவீதம் வரை கட்டணம் ஏறும். 2023-ல் 2.18 சதவீதம், 2024-ல் 4.83 சதவீதம், 2025-ல் 3.16 சதவீதம் என ஏறியது இப்படித்தான்.

ஆனால் 2025-ல் வீட்டு இணைப்புகளுக்கு உயர்வு இல்லையே, அது எப்படி? இங்கேதான் அரசு வருகிறது. ஆணையம் போட்ட கட்டணத்தை அரசு குறைக்க முடியாது. வேண்டுமானால் மக்களுக்காக அந்த வித்தியாசத்தைத் தன் கையிலிருந்து கட்டலாம். சட்டத்தின் 65-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. அதுவும் முன்கூட்டியே கட்ட வேண்டும். பணம் வராவிட்டால் சலுகை செல்லாது, ஆணையம் போட்ட முழுக் கட்டணம்தான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் இதே வழியில்தான் நடக்கிறது. ஆக, 'இலவசம்' என்பது மின்வாரியம் தருவது இல்லை, கஜானா தருவது.

7 வருஷம் ஏறாத கட்டணம்

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஆணையத்தை முடக்கிப்போட முடியுமா? முடியும். தமிழ்நாடே அதற்கு உதாரணம். 2003 மார்ச்சில் ஆணையம் ஒரு கட்டண உத்தரவு போட்டது. அடுத்த உத்தரவு வந்தது 2010 ஜூலையில். நடுவில் நிலக்கரி விலை ஏறியது, வெளியில் வாங்கும் மின்சாரத்தின் விலை ஏறியது, மின்வாரியத்தின் கடனும் ஏறியது. கட்டணம் மட்டும் அப்படியே நின்றது.

காரணம் சிம்பிள். கட்டண மனுவை மின்வாரியம்தான் தாக்கல் செய்ய வேண்டும். அந்த வாரியம் அரசுக்குச் சொந்தம். கட்டணம் ஏறுவதை எந்த அரசு விரும்பும்? மனுவே வராதபோது ஆணையமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அரசு ஒரு கடிதம்கூட எழுதத் தேவைப்படவில்லை.

இது தமிழ்நாட்டோடு முடிந்த கதையும் இல்லை. பல மாநிலங்களில் இதே நிலை என்று மத்திய மின்துறை அமைச்சகமே 2011-ல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குக் கடிதம் எழுதியது. அதைத் தானாக முன்வந்து விசாரித்த தீர்ப்பாயம், மனு ஒரு மாதத்துக்கு மேல் தாமதமானால் ஆணையமே நடவடிக்கையைத் தொடங்க வேண்டும் என்று 2011 நவம்பரில் உத்தரவிட்டது. 2012 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஒரே அடியாக சுமார் 37 சதவீதம் ஏறியது நினைவிருக்கலாம். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்க வேண்டியது, மொத்தமாக வந்து இறங்கியது.

அரசிடம் வேறு பிடிகளும் உண்டு. உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழுதான் பெயர்களைப் பரிந்துரைக்கும் என்றாலும், தலைமைச் செயலாளரும் அந்தக் குழுவில் இருக்கிறார். நாற்காலியைக் காலியாகவே வைத்திருப்பதும் ஒரு வழிதான். ஆணையத்தில் சட்டம் படித்த உறுப்பினர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பு சொன்னது. 2022-ல் தமிழ்நாடு ஆணையத்தில் அந்த இடம் காலியாக இருந்ததால், கட்டண உயர்வு வழக்கே உயர் நீதிமன்றம் வரை போனது.

இன்னொன்று 108-வது பிரிவு. பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் அரசு எழுத்துப்பூர்வமாக வழிகாட்டலாம். ஒரு விஷயம் 'கொள்கை'யா இல்லையா என்ற கேள்வி வந்தால், அதிலும் அரசின் முடிவே இறுதி. நடுவரின் எல்லைக்கோட்டை ஆட்டக்காரரே வரைகிற மாதிரி.

செல்போனில் கதை வேறு

டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் சட்டத்திலும், 25-வது பிரிவில், கிட்டத்தட்ட இதே வாசகம் இருக்கிறது. கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரமும் டிராய்க்கு உண்டு. ஆனால் செல்போன் கட்டணத்தைப் பெரும்பாலும் சந்தையே முடிவு செய்யட்டும் என்று அது விலகி நிற்கிறது. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்து ரீசார்ஜ் விலையை உயர்த்தியபோது பொதுமக்கள் கருத்துக் கேட்பு எதுவும் நடக்காததற்குக் காரணம் இதுதான்.

லைசென்ஸ், அலைக்கற்றை விவகாரங்களில் டிராய் சொல்வது பரிந்துரை மட்டுமே. பிடிக்கவில்லை என்றால் அரசு திருப்பி அனுப்பும், டிராய் 15 நாளில் பதில் தரும், அதன்பிறகு அரசு தன் முடிவை எடுக்கும். துணிந்து ஒரு விதி போட்டாலும் கோர்ட்டில் நிற்குமா என்பது வேறு விஷயம். கால் டிராப் ஆனால் வாடிக்கையாளருக்கு 1 ரூபாய், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 3 ரூபாய் இழப்பீடு என்று டிராய் கொண்டுவந்த விதியை 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

பழைய வரலாறு இன்னும் காரமானது. 1997-ல் பிறந்த டிராய், லைசென்ஸ் விவகாரத்தில் அரசோடு மோதியது. 2000 ஜனவரியில் ஒரு அவசரச் சட்டம் வந்தது, அன்றைய ஆணையமே கலைக்கப்பட்டது. வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் டிடிசாட் என்ற புதிய தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டது.

சாமானியர் என்ன செய்யலாம்? மின் கட்டணத்தை மாற்றக் கோரி மனு வந்தால், ஆணையம் கருத்துக் கேட்டே ஆக வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதித் தரலாம், கூட்டத்தில் பேசலாம். உத்தரவில் திருப்தி இல்லை என்றால் 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பில் தவறு போன்ற தனிப்பட்ட புகார்களுக்கு மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர். செல்போன் புகாரை மட்டும் டிராய்க்கு அனுப்பிப் பயனில்லை. தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை, முதலில் நிறுவனத்திடமே பதிவு செய்ய வேண்டும்.