குதிரைக்குப் போடும் ஊசி நம்மைக் காக்குமா?

சுங்கை பீசி, ஈப்போ, பினாங்கு என நாட்டின் குதிரைப் பந்தயத் திடல்களில் 'சைஸ்' வேலை பார்த்த நம்மவர்கள் பலர். லாயத்திற்கு அருகிலேயே குடும்பத்தோடு குடியிருந்தவர்களும் உண்டு. குதிரைக்கு ஆண்டுதோறும் கால்நடை மருத்துவர் ஊசி போடுவதை அவர்கள் பார்த்திருப்பார்கள். அவற்றுள் ஒன்று ஜே.இ. எனப்படும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி.

கொசு பரப்பும் நோய் என்றால் நமக்கு டிங்கிதான் முதலில் நினைவுக்கு வரும். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல நீரில் முட்டையிட்டுப் பகலில் கடிக்கும். ஜே.இ. நோயைப் பரப்புவது கியூலெக்ஸ் வகைக் கொசு. இது வயல், வாய்க்கால் போன்ற இடங்களில் பெருகி, பொழுது சாய்ந்த பிறகு கடிக்க வரும்.

கிருமி வரும் வழி

இந்தக் கிருமி இயற்கையில் கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடம் இருக்கிறது. அவற்றைக் கடித்த கொசு பன்றியைக் கடித்தால், பன்றியின் உடலில் கிருமி பல மடங்கு பெருகும். அந்தப் பன்றியைக் கடிக்கும் கொசுக்கள் கிருமியைச் சுமந்துகொண்டு குதிரையையும் மனிதரையும் கடிக்கின்றன.

குதிரையோடும் மனிதரோடும் சங்கிலி அறுந்துவிடுகிறது. இருவரின் இரத்தத்திலும் கிருமியின் அளவு குறைவு என்பதால், அவர்களைக் கடிக்கும் கொசுவுக்கு அது தொற்றுவதில்லை. ஆகவே, குதிரையிடமிருந்து நமக்கு நோய் வரும் என்று அஞ்சத் தேவையில்லை.

அப்படியானால் குதிரைக்கு ஏன் ஊசி? அந்தக் குதிரையைக் காப்பாற்றத்தான். கிருமி தொற்றும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ஆனால் நோய் மூளையைத் தாக்கினால் காய்ச்சல், தீனி எடுக்காமை, தள்ளாட்டம், பார்வை மங்குதல், மிரட்சி என முற்றி உயிரே போகலாம். கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. பொதுவாக முதலில் சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று எனப் போடப்படுகிறது. உடலில் எதிர்ப்பாற்றல் உருவாகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், நோய் வந்தபின் ஊசி போட்டுப் பயனில்லை.

1998-ஐ மறக்க முடியுமா?

ஊசி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதை நம் நாடு பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. ஜே.இ. என்றே முதலில் நம்பப்பட்டது. கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். ஆனாலும் நோய் நெகிரி செம்பிலான், புக்கிட் பெலாண்டோக்குக்கும் பரவியது.

1999 மார்ச்சில்தான் அது வேறொரு கிருமி என மலாயா பல்கலைக்கழகத்தில் தெரியவந்தது. நோயாளி ஒருவரின் கிராமமான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு வந்து, பன்றியைத் தொட்டுப் பழகியவர்களுக்கு நேரடியாகத் தொற்றியது நிப்பா. கொசுவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்திற்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பது போல, ஒரு தடுப்பூசி அதற்குரிய கிருமியைத்தான் தடுக்கும்.

நாம் செய்ய வேண்டியது

குதிரைக்குப் போட்ட ஊசி அதைப் பராமரிப்பவரைக் காக்காது. லாயத்தில் குதிரையைக் கடிக்கும் கொசுதான் பக்கத்து வீட்டில் உறங்கும் குழந்தையையும் கடிக்கிறது. மனிதருக்கு ஜே.இ. மூளைக்காய்ச்சல் முற்றினால், பத்தில் மூவர் வரை இறக்கக்கூடும். பிழைப்பவர்களிலும் பலருக்கு நரம்புக் குறைபாடு வாழ்நாள் முழுவதும் நீடிக்கும்.

மனிதருக்கென்று தனித் தடுப்பூசி இருக்கிறது. சரவாக்கில் 2001 முதல் குழந்தைகளுக்கு அது போடப்பட்டு வருகிறது. வயல், பன்றிப் பண்ணை, குதிரை லாயம் ஆகியவற்றின் அருகில் வசிப்போர் தங்களுக்கு அது தேவையா என்று கிளினிக்கில் கேட்கலாம். மாலையில் முழுக்கைச் சட்டை, இரவில் கொசுவலை, வாய்க்காலில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது ஆகியவை எல்லாருக்கும் பொருந்தும். கடும் காய்ச்சலோடு குழப்பமோ வலிப்போ கண்டால், பனடோல் கொடுத்துவிட்டுக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.