பாணேர் குன்றும் பாதாளத் தவளையும்

புனேயின் பாணேர் குன்றில் துகாய் மாதா கோயில்வரை ஏறி இறங்கி, அடிவாரத்து அம்ருத்துல்யா கடையில் இஞ்சி டீக்குச் சொல்லியிருந்தோம். “மாமா, குரங்கிலிருந்து மனுஷன் வந்தான்னா, குரங்கு ஏன் இன்னும் இருக்கு?” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

நல்ல கேள்வி. குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. ஒரே பாட்டனின் பேரன்களில் ஒருவர் தஞ்சாவூரிலேயே தங்கிவிட, இன்னொருவர் புனே வந்து சேர்வதில்லையா? இவர் இங்கே வந்ததற்காக அவர் அங்கே இல்லாமல் போய்விடுவாரா? எல்லா உயிர்களும் ஏதோ ஒரு தலைமுறையில் சொந்தம் என்பதுதான் பரிணாமம்.

“அதுக்கு ஆதாரம்?”

அவள் கையில் குன்றில் பொறுக்கிய கருங்கல் இருந்தது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பொங்கி உறைந்த எரிமலைக் குழம்பு அது. ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் சீஷெல்ஸ் தீவுகள் இந்திய நிலத்திலிருந்து பிய்ந்து விலகின. இதை மனதில் வைத்துக்கொள் என்றேன்.

சஹ்யாத்ரி மலைத்தொடரின் தெற்கே, கேரளத்து இடுக்கியில் ஒரு தவளை. ஊதா நிறம், உப்பிய உடம்பு, கூர்மூக்கு. மண்ணுக்கடியில் கறையானைத் தின்று கிடக்கும். மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் இணைசேர மேலே வரும். மாவலி மன்னனைப் போல ஆண்டுக்கொரு முறை வருவதால் மாவலித் தவளை என்றும் பெயர். 2003-இல் ஆய்வாளர்கள் எஸ்.டி. பிஜுவும் ஃப்ராங்கி போசய்ட்டும் இதன் டி.என்.ஏ.வைப் பிற தவளைகளோடு ஒப்பிட்டார்கள். நெருங்கிய சொந்தம் நம் வயல் தவளை இல்லை. ஏறக்குறைய 3,000 கி.மீ. கடல் தாண்டி, சீஷெல்ஸில் வாழும் சின்னஞ்சிறு தவளைகள்! உப்புநீர் தவளைக்கு ஆகாது. நீந்திப் போயிருக்க வழியில்லை. நிலம் ஒட்டியிருந்த நாளில் வாழ்ந்த பாட்டனின் வாரிசுகள் இவை. பாறையும் டி.என்.ஏ.வும் ஒன்றையொன்று அறியாத சாட்சிகள். இரண்டும் ஒரே வாக்குமூலம் தருகின்றன.

“சொந்தம்னா உருவம் ஏன் மாறுது?”

அந்த ஊதாத் தவளையின் தலைப்பிரட்டையைப் பார். பாய்கிற ஓடையில், பாறையை வாயால் உறிஞ்சிப் பற்றிக்கொண்டிருக்கும். ஓர் ஈட்டில் பிறக்கும் குஞ்சுகள் எல்லாம் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. பிடிமானம் சற்றுக் கூடியவை தங்கின; மற்றவற்றை வெள்ளம் கொண்டுபோனது. தங்கியவற்றின் பிள்ளைகளுக்கும் அதே பிடிமானம். இதை லட்சக்கணக்கான தலைமுறைக்கு நீட்டிப் பார். எந்தத் தவளையும் ஆசைப்பட்டு மாறவில்லை.

இப்போதும் இது நடக்கிறது. பக்கத்துப் பாஷாணில், ஐசர் அறிவியல் நிறுவனத்தின் ஆய்வகத்தில், பழ ஈக்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து மாற்றத்தை அளக்கிறார்கள்.

“ஸ்கூல்ல இதெல்லாம் சொல்லித் தரலையே மாமா” என்றாள். உண்மைதான். 2023-இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பரிணாமப் பகுதி இல்லை. நீக்கியதை எதிர்த்து 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டார்கள். உயிரியல் எடுப்பவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அந்தப் பாடம் வரும். இவள் காமர்ஸ் எடுத்திருக்கிறாள். அந்தப் பாடத்தைப் பத்தாம் வகுப்புக்குத் திருப்பித் தர வேண்டும். அதுவரை, வீட்டில் நீங்களாவது சொல்லுங்கள்.